பேரனுக்குப் பெயர் வைக்கும்போது தாத்தா ஏன் தயங்குகிறார்?

சேலம், நாமக்கல் பக்கத்து இளம் தோழர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. குழந்தை பிறந்திருக்கிறது. பெற்றோர் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டார்கள். தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் அது பிடிக்கவில்லை. "இந்தப் பேரெல்லாம் நமக்கு எதுக்குக் கண்ணு?" என்கிறார்கள். அவர்கள் இப்படி வெளிப்படையாகச் சொல்லலாமா? பெற்றோர் எடுத்த முடிவில் பெரியவர்கள் வாய் திறப்பது சரியா?

வார இதழ்களின் குடும்பப் பக்கத்தில் இது மரியாதை சம்பந்தப்பட்ட சின்ன விஷயமாகத் தெரியும். "பெரியவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் வளவிலும் சேரியிலும் காலனியிலும் பிறந்த நமக்கு இது வெறும் குடும்ப விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. நம் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம், அதை எப்படி அழைக்கலாம் என்பதில் வீட்டுக்கு வெளியே இருந்தவர்களே அதிகம் தலையிட்டிருக்கிறார்கள். ஆகவே பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

பேரன் என்ற சொல்

பேரன் என்பது பெயரன். பேத்தி என்பது பெயர்த்தி. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பேரன். சங்கப் பாடல்களிலேயே இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. அரச குடும்பங்களிலும் இதைப் பார்க்கலாம். பல்லவர்களில் முதலாம் மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன். அவன் மகனுக்கு மறுபடியும் தாத்தாவின் பெயர்: இரண்டாம் மகேந்திரவர்மன்.

தமிழில் உறவின் பெயரே பெயரிலிருந்துதான் வருகிறது. எனவே பேரப்பிள்ளையின் பெயரில் தாத்தா பாட்டிக்கு ஒரு பங்கு உண்டு என்ற உணர்வு ஏதோ தலையீட்டு ஆசை அல்ல. அது மொழிக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மகேந்திரவர்மன் தன் பெயரைப் பேரனுக்குக் கொடுத்தான். அந்தப் பெயரை அவன் குடும்பம் வைத்தது. நம் தாத்தாவின் பெயரை யார் வைத்தார்கள்?

பெயரில் எழுதிய படிநிலை

மனுஸ்மிருதியின் 2ஆம் அத்தியாயம் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விதியைச் சொல்கிறது. பிராமணனின் பெயர் மங்கலத்தைக் குறிக்க வேண்டும், சத்திரியனின் பெயர் வலிமையை, வைசியனின் பெயர் செல்வத்தை. சூத்திரனின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும். நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அந்த விதி பேசவே இல்லை. பேசத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

இந்தப் புத்தகத்தைச் சேலம் ஜில்லாவின் பண்ணையக்காரர் யாரும் படித்திருக்க மாட்டார். படிக்காமலேயே அதை நடைமுறைப்படுத்தினார்கள். கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், வருசக் கூலிக்குப் பண்ணையத்தில் இருந்தவர்கள் என எல்லோரையும் அழைக்க ஊரில் ஓர் இலக்கணம் இருந்தது. வீட்டில் வைத்த பெயர் முனுசாமி என்றால் காட்டில் அவர் முனியன். ராமசாமி ராமன். கருப்பண்ணன் 'டேய் கருப்பா'. 'சாமி' என்ற பின்னொட்டு அந்தப் பக்கத்துக்கு உரியது. ஏனென்றால் நம் ஆட்கள் அவர்களைத்தான் 'சாமி' என்று அழைத்தாக வேண்டும். பத்து வயதுப் பண்ணையக்கார வீட்டுப் பையன் அறுபது வயது ஆளை வாடா போடா என்பான். அந்த அறுபது வயதுக்காரர் பையனைச் 'சின்னச் சாமி' என்பார். இதெல்லாம் கல்வெட்டில் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் வாயில் இருக்கிறது.

எழுத்திலும் இருக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் 2000இல் வெளிவந்தது. பண்ணையத்துக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவர் சிறுமியரின் கதை அது. அதில் வரும் பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள்: கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி. குட்டை, நெட்டை, வயிறு, காது என்று உடம்பின் அளவும் குறையுமே அங்கே பெயராகிவிட்டது. நாவலின் தலைப்பிலோ அந்தப் பெயரோடு சாதியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அரசும் இந்த இலக்கணத்திலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. பட்டியல் சாதிகளின் அரசாணைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பறையன், பள்ளன், சக்கிலியன் என்று 'ன்' விகுதியில்தான் அச்சாகியிருக்கிறது. 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீட்டுக்காக இயற்றப்பட்ட சட்டம் 'அருந்ததியர்' என்ற மதிப்பான பெயரைத் தலைப்பில் ஏற்றது. ஆனால் உள்ளே பட்டியலில் பழைய பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

குப்பன் என்ற பெயருக்கு இரண்டு கதைகள்

இங்கே அவசரப்பட்டு, தாத்தாக்களின் பெயர்கள் எல்லாமே பண்ணையக்காரன் எறிந்தவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

குப்பன், குப்பாயி, பிச்சை என்ற பெயர்களின் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பை மேட்டில் கிடத்தி எடுப்பார்கள். "இது எங்களுக்கு வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது" என்று சாவை ஏமாற்றும் தந்திரம் அது. காலராவும் அம்மையும் பஞ்சமும் வாட்டிய ஊர்களில் பல சாதிகளிலும் இந்த வழக்கம் இருந்தது. வெளியே இழிவாகத் தெரியும் அந்தப் பெயருக்குள் ஒரு தாயின் பதைப்பு இருக்கிறது.

மாரி, முனியப்பன், சித்தன், சடையன், பெரியாண்டிச்சி என்பவை நம் சாமிகளின் பெயர்கள். சித்தன் என்றால் கஞ்சமலைச் சித்தர். அர்த்தநாரி, செங்கோடன் என்றால் திருச்செங்கோட்டு மலை. இவை யாரும் எறிந்தவை அல்ல, நம்மவர்கள் வேண்டிக்கொண்டு வைத்தவை.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்ற பெயர்களில் எந்தப் பாசமும் ஒளிந்திருக்கவில்லை. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்பதைத்தான் பிள்ளையின் நெற்றியில் எழுதினார்கள். பெண் சிசுக் கொலையைத் தடுக்கத் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் முதன்முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். மகாராட்டிரத்தின் சத்தாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் 'நகுசா', 'நகுசி' என்ற பெயர்களோடு வாழ்ந்த 200க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கு 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது. அந்தப் பெயர்களை வைத்தவர் பண்ணையக்காரர் அல்ல, வீட்டார். அதில் தாத்தா பாட்டிகளுக்கும் பங்கு உண்டு.

ஆகவே ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்குள் மூன்று வரலாறுகள் இருக்கின்றன: ஆண்டையின் ஏளனம், பெற்றவளின் அச்சம் கலந்த பாசம், ஆணாதிக்கத்தின் வெறுப்பு. எது எது என்று தெரிய வேண்டுமென்றால் பெரியவர்களைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும்.

ஒரே குடும்பத்துக்குள் ஒரு பெயர்ச் சண்டை

பெயர் பிடிக்கவில்லை என்று உறவுக்குள்ளேயே வெளிப்படையாகச் சொல்வது நம் இயக்க வரலாற்றுக்குப் புதிதல்ல. அந்த வரலாற்றின் தொடக்கமே அப்படித்தான் இருக்கிறது.

அயோத்திதாசப் பண்டிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தன் ஆசிரியர் அயோத்திதாசக் கவிராயர் மீதுள்ள மதிப்பால் அவர் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். காத்தவராயன் கெட்ட பெயரா? இல்லை. ஆனாலும் தனக்குக் கல்வி கொடுத்தவரின் பெயரைச் சுமப்பது அவருடைய தேர்வு. அவருடைய தாத்தா கந்தப்பனிடமிருந்துதான் திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரைக்குப் போய்ச் சேர்ந்தது. பேரன் தாத்தாவின் பெயரைச் சுமக்கவில்லை. ஆனால் தாத்தா காத்த குறளை வாழ்நாள் முழுவதும் சுமந்தார். அந்தச் செய்தியை உலகுக்குச் சொன்னவரும் அந்தப் பேரன்தான்.

அயோத்திதாசரின் மனைவி இரட்டைமலை சீனிவாசனின் சகோதரி. மச்சான் மைத்துனர் உறவு. 1893இல் சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே எதிரிகள் இழிவுபடுத்த வைத்தது, பூர்வ பௌத்தர்களான நமக்கு அது பொருந்தாது என்பது அயோத்திதாசரின் நிலை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று அவர் தொடங்கிய இதழ் மறு ஆண்டே 'தமிழன்' ஆனது. சீனிவாசனின் வாதம் வேறு. எந்தப் பெயரால் நம்மை ஒடுக்குகிறார்களோ அந்தப் பெயரோடே அச்சமின்றி முன்னால் வந்து நின்றால்தான் உரிமை கிடைக்கும், ஒளிந்துகொண்டு கேட்டால் கிடைக்காது என்றார்.

ஒரே குடும்பத்து இரண்டு பெரியவர்கள், ஒரு பெயரைப் பற்றி நேரெதிரான கருத்து. இருவரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஒருவரை ஒருவர் அடக்கவும் இல்லை. இரண்டு இதழ்களும் நமக்குக் கிடைத்தன, இரண்டு வழிகளும் கிடைத்தன. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் அரசு ஆவணங்களில் 'பறையர்', 'பஞ்சமர்' என்பவற்றுக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' வந்தது. அந்தத் தீர்மானத்துக்கு முன்னால் முப்பது ஆண்டுகள் நடந்த இந்த விவாதம் இருக்கிறது.

கேட்காமல் வைத்த பெயர்

உரிமையில்லாதவர் வைத்த பெயரும் இருக்கிறது. ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். தீண்டாமை ஒழிப்பு அந்த ஆசிரமத்தின் வேலைகளில் ஒன்று. 1930களில் காந்தி நம் மக்களுக்கு 'ஹரிஜன்' என்று பெயர் வைத்தார். 1933இல் அந்தப் பெயரில் இதழும் வந்தது. நல்லெண்ணத்தோடு வைத்த பெயர் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனால் பெயருக்கு உரியவர்களைக் கேட்டு வைத்த பெயர் அல்ல.

1938 ஜனவரியில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் 'ஹரிஜன்' என்ற சொல் வந்தபோது, அதை நீக்க வேண்டும் என்று அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியினர் திருத்தம் கொண்டுவந்தார்கள். காங்கிரஸ் பெரும்பான்மை அதைத் தோற்கடித்தது. அம்பேத்கரும் தோழர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். சாதிச் சான்றிதழில் 'ஹரிஜன்' என்று எழுத வேண்டாம் என மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது 1982இல். இடையில் 44 ஆண்டுகள்.

பிடிக்காத பெயரைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமைக்காக நம் தலைவர்கள் சட்டமன்றத்தை விட்டு வெளியேறியிருக்கிறார்கள். அப்படி இருக்கும்போது, வீட்டுக்குள் ஒரு கிழவியைப் பார்த்து "உனக்குப் பிடிக்கலைன்னா வாயை மூடிக்கிட்டு இரு" என்று நாம் சொல்ல முடியாது.

சேலத்தில் கழற்றிய பின்னொட்டு

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. ராவ் பகதூர், திவான் பகதூர் முதலிய பட்டங்களையும் பெயருக்குப் பின்னால் உள்ள சாதி ஒட்டையும் விடச் சொன்னார்கள். இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியை எழுத ஒருவர் கூச்சப்படுகிறார் என்றால் அந்தக் கூச்சத்துக்குச் சேலமும் ஒரு காரணம். இதைப் பெருமையோடு சொல்வோம்.

ஆனால் நம் பக்கமிருந்து ஒரு கணக்கும் உண்டு. கழற்றுவதற்குக் கவுண்டர், முதலியார், பிள்ளை, செட்டியார் என்ற பட்டங்கள் இருந்தவர்கள் கழற்றினார்கள். நமக்கு அங்கே பட்டம் இல்லை, வசவுதான் இருந்தது. பின்னொட்டு போனபின் சாதியைக் கண்டுபிடிக்க முதல் பெயரைத்தான் பார்த்தார்கள். வருகைப் பதிவேட்டில் 'அமாவாசை' என்றோ 'மாதாரி' என்றோ ஒரு தகப்பன் பெயர் வந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதனால்தான் நம் பெற்றோர்கள் பிள்ளையின் முதல் பெயரைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறார்கள்.

2000களின் தொடக்கத்தில் விடுதலைச் சிறுத்தைகள் தமிழ்ப் பெயர் சூட்டும் இயக்கம் நடத்தியபோது தொல். திருமாவளவன் தன் தந்தை இராமசாமியின் பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றினார். பிள்ளை தகப்பனுக்குப் பெயர் வைத்தார். முன்னெழுத்து மேலிருந்து கீழே மட்டுமே வர வேண்டும் என்ற வழக்கம் அங்கே தலைகீழானது. பெயர் விஷயத்தில் நம் சமூகத்தில் இரண்டு தலைமுறையும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கியிருக்கிறது.

தயக்கத்தின் காரணம்

இப்போது தாத்தாவின் தயக்கத்துக்கு வருவோம். "ராஜான்னு பேரு வெச்சா ஊருக்குள்ள எப்பிடிக் கூப்புடுவாங்க?" என்று ஒரு ஆயா கேட்கிறார் என்றால் அதை அடிமைப் புத்தி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் சொல்வது ஒரு செய்தி. பெயருக்காக அடி வாங்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் குஜராத்தின் தோல்கா ஊரில் ஒரு தலித் இளைஞர் தன் முகநூல் பெயரோடு 'சிங்' என்று சேர்த்துக்கொண்டதற்காக ஆதிக்க சாதியினர் அவரைத் தாக்கினார்கள். 1997இல் தமிழக அரசு விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் வந்தது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. சேலத்தில் ஓடிய பேருந்துகளும் 'அண்ணா' என்ற பெயரை இழந்தன. ஒரு தலித் வீரரின் பெயரை ஏற்பதைவிட எல்லாப் பெயரையும் அழிப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

பெயரை மாற்றினால் மட்டும் சாதி போய்விடாது என்பதை அம்பேத்கரும் எழுதியிருக்கிறார். மதமாற்றம் குறித்த தன் கட்டுரையில், தீண்டப்படாதோர் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட சோக்கமேளா, ஆதி திராவிடர் போன்ற பெயர்களை அவர் எடுத்துக்கொள்கிறார். புதுப்பெயரைச் சொன்னாலும் கேட்பவர் விடாமல் துருவித் துருவிக் கேட்டு பழைய பெயரை வெளியே இழுத்துவிடுகிறார் என்பது அவர் கவனிப்பு. ஆனாலும் பெயரால் ஒரு பயனும் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பெயரில் நிறைய இருக்கிறது, ஆனால் அது இந்து மதத்துக்கு வெளியே உள்ள ஒரு சமூகத்தின் பெயராக இருக்க வேண்டும் என்றார்.

ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜுக்கு அவர் குடும்பம் நல்ல பெயர்தான் வைத்தது. பொறியியல் படிக்க வைத்தது. 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு ஒரு தோழியோடு போனார். கூட்டிப் போனவர்கள் அவரைக் கொன்று ரயில் பாதையில் போட்டார்கள். 2022இல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. நம் வட்டாரத்து ஆயாக்கள் இந்தச் செய்தியைக் கேட்டவர்கள். 'எடுப்பான' பெயரைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு தயக்கமும் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும்தான் சேர்த்தார்கள். கிறித்தவர்களுக்கு இல்லை. அதனால் கிறித்தவப் பெயர் வைத்தால் சான்றிதழ் கிடைக்குமா என்று பயந்து, கோயிலில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு பிள்ளைகளை வளர்த்தவர்கள் நம் தெருக்களில் ஏராளம். அந்த ஆயாவுக்குப் பெயர் பிடிக்காமல் இல்லை. தாசில்தார் அலுவலகம் நினைவுக்கு வருகிறது.

ஆயா சொல்வது சரியாக இருக்கும் இடம்

எல்லா நேரமும் பெரியவர்கள் பயத்தில்தான் பேசுகிறார்கள் என்பதும் இல்லை. சில நேரம் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்று நம் இளம் பெற்றோர் பலர் எண் கணிதம் பார்த்து ஷ, ஹ, ஸ நிறைந்த பெயர்களைத் தேடுகிறார்கள். எந்தச் சாதி என்று தெரியாத பெயர் வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அந்த நோக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் மாரியையும் முனியப்பனையும் கும்பிட்ட ஆயாவால் அந்தப் பெயரைச் சொல்லவே முடியவில்லை. தன் பேத்தியைத் தன் வாயால் அழைக்க முடியாத நிலை அவருக்கு. "வாயில நுழையற பேரா வெய்யுங்க" என்று அவர் சொல்வது பழமைவாதம் ஆகாது. சாதியை மறைக்க நாம் போட்டுக்கொள்ளும் போர்வை யாருடைய தறியில் நெய்தது என்றுதான் அவர் தெரியாமலேயே கேட்கிறார்.

அமெரிக்காவின் பிரடரிக் டக்ளஸ் கதையை இங்கே சொல்ல வேண்டும். அடிமையாகப் பிறந்த அவர் சின்ன வயதில் பாட்டி பெட்சி பெய்லியிடம்தான் வளர்ந்தார். அவர் பெயர் பிரடரிக் பெய்லி. 1838இல் தப்பி ஓடியபோது, பிடிக்க வருபவர்களிடமிருந்து மறைய பெய்லி என்ற குடும்பப் பெயரை விட்டார். நியூ பெட்ஃபோர்டில் தனக்கு அடைக்கலம் கொடுத்த நேதன் ஜான்சனிடம் புதுப்பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: 'பிரடரிக்' என்பதை மாற்றக் கூடாது. தான் யார் என்பது தனக்கு மறந்துவிடக் கூடாது என்றார். தேவைக்காக ஒன்றை விட்டார், நினைவுக்காக ஒன்றை வைத்துக்கொண்டார். நம் பெற்றோர்களும் இதைச் செய்யலாம். புதுப்பெயர் வையுங்கள். அதில் எங்காவது தாத்தா ஆயாவின் ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு பொருள் இருக்க இடம் கொடுங்கள்.

அப்படியானால் சொல்லலாமா?

சொல்லலாம். சொல்ல வேண்டும். ஆனால் எப்போது, எப்படி, யாருடைய குரலில் என்பதுதான் விஷயம்.

பெயரைப் பதிவதற்கு முன் சொல்ல வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் கீழ் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரில்லாமலும் பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்க வழியுண்டு. ஆகவே மருத்துவமனைப் படுக்கையிலேயே பெயர்ச் சண்டை போடத் தேவையில்லை. உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது. முடிவு பெற்றோருடையது. தாத்தா பாட்டிக்குக் கருத்து உண்டு, தடையுரிமை இல்லை.

காரணத்தோடு சொல்ல வேண்டும். "நல்லால்லை" என்று மட்டும் சொன்னால் அது வெறும் முகச்சுளிப்பு. "இந்தப் பேரு வெச்சதுக்கு எங்க அண்ணனை இன்னது பண்ணாங்க" என்று சொன்னால் அது வரலாறு. அந்த வரலாற்றைக் கேட்டபின் பெற்றோர் அதே பெயரை வைத்தால், பயம் தெரிந்தே வைத்த பெயராக அது இருக்கும். அதற்கு வலிமை அதிகம்.

அந்த வெறுப்பு யாருடையது என்று பெரியவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். 'பீமா' என்றோ 'சாவித்திரி' என்றோ 'அறிவு' என்றோ ஒரு பெயரைக் கேட்டு உடம்பு கூசினால், கூசுவது நாமா, நமக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கும் பண்ணையக்காரரா? பண்ணையக்காரர் என்றால் அவருக்கு நம் பிள்ளையின் பெயரில் ஓட்டு கிடையாது. பெண் பிள்ளை என்பதால் ஏதோ ஒரு பெயர் போதும் என்று தோன்றினால் அதற்கும் ஓட்டு கிடையாது.

பெயர் வைத்தபின் பிடிக்காவிட்டாலும் முழுதாக அழைக்க வேண்டும். இதில் நாம் கறாராக இருக்கிறோம். வைத்த பெயரை வெட்டிச் சுருக்கி, தனக்குப் பிடித்த வேறு பெயரில் கூப்பிடுவது ஆண்டைகள் நமக்குச் செய்தது. அதை நம் வீட்டில் நாமே செய்யக் கூடாது.

இளையவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊர்ப் பெயர்கள் மாறும், தெருப் பெயர்கள் மாறும். மாறட்டும். மாறுவதற்கு முன் பழையதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வளவில் எழுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் போய் நான்கு கேள்வி கேளுங்கள். வீட்டில் வைத்த பெயர் என்ன? அதை யார் வைத்தது? காட்டில் எப்படி அழைத்தார்கள்? வாக்காளர் அட்டையில் எப்படி எழுதியிருக்கிறது? நான்கும் ஒன்றாக இருக்கும் ஆள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கைப்பேசியில் அவர்கள் குரலையும் பதிந்து வையுங்கள்.

அந்தப் பட்டியல் கையில் இருந்தால், குழந்தைக்குப் பெயர் தேட எண் கணிதக்காரரிடம் போக வேண்டியதில்லை. தாத்தாவும் எதற்குத் தயங்குகிறார் என்று தெரிந்துவிடும். அவருடைய சரியான பெயர் என்ன என்பதும் அப்போதுதான் நமக்கு முதன்முறையாகத் தெரியவரும். அவரை அந்தப் பெயரில், 'ர்' விகுதியோடு, நாலு பேர் முன்னால் அழைத்துப் பாருங்கள். பேரனின் பெயரைப் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.